காற்று நின்றால் கடி தொடங்கும்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், கிளென் எட்டிவ் பள்ளத்தாக்கு முடியும் இடத்தில், கடல் உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்து லாக் எட்டிவ் என்ற உப்பங்கழியாகக் கிடக்கிறது. அதன் கரைக்கு மேலே, மலையின் இடுப்பில், வழுவழுவென்று சாய்ந்த கருங்கல் பலகைகள். சாய்வு ஏறத்தாழ 40 பாகைதான். எண்ணைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஏறியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பிடிக்க விளிம்பு கிடையாது. விரல் நுழைகிற வெடிப்பு அபூர்வம். உள்ளங்கையைக் கல்லில் அழுத்தி, காலணி ரப்பருக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வை மட்டும் நம்பி அடி அடியாக நகர வேண்டும். கயிற்றை மாட்டிவைக்க ஓர் இடம் அகப்படுவதற்குள் பல மீட்டர் கடந்துவிடும். இடையில் வழுக்கினால் அத்தனை மீட்டரும் தோல் உரியச் சறுக்க வேண்டியதுதான்.

அந்தப் பலகைகளின் அடியில் ‘சவப்பெட்டிக் கல்’ என்று பாறையேறிகள் பெயரிட்ட தட்டையான பாறை ஒன்று உண்டு. ஏறுபவர்கள் அதன்மேல் உட்கார்ந்து காலணி மாட்டுவார்கள், கயிறு அவிழ்ப்பார்கள், முறைக்குக் காத்திருப்பார்கள். ஜூன் மாதத்தில் மேகம் மூடிய, இலை அசையாத ஒரு மாலையில் அங்கே காத்திருப்பதைப் பலரும் ஏற்றத்தைவிடக் கடினமான பகுதியாகச் சொல்வார்கள். காரணம், மிட்ஜ்.

பார்ப்பதற்கு அது ஒரு தூசி. இறக்கையின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஸ்காட்லாந்தில் இந்தக் குடும்பத்துப் பூச்சியினங்கள் 30க்கு மேல் இருந்தாலும், மனிதர்களைக் கடிப்பதில் பெரும்பங்கு ‘கியூலிகாய்டஸ் இம்பங்டேட்டஸ்’ என்ற ஒரே இனத்துக்கு உரியது. கடிப்பது பெண் மட்டும். அதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. கொசுக்களில் பெரும்பாலானவை முட்டையிடுவதற்கு முன் இரத்தம் குடித்தாக வேண்டும். இந்த மிட்ஜோ, புழுவாக இருந்த காலத்தில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டே முதல் ஈட்டு முட்டைகளை இட்டுவிடும். இரண்டாவது ஈட்டுக்குத்தான் இரத்தம் தேடி வருகிறது. அதாவது, மலையில் மாடும் மானும் மனிதனும் ஒருவருமே இல்லாவிட்டாலும் அடுத்த தலைமுறை பிறந்துவிடும். இரத்தம் கிடைக்காதபடி செய்து இந்தப் பூச்சியை ஒழித்துவிடலாம் என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப்போகிறது.

மருந்தடித்து ஒழிப்பதும் நடக்காது. புழுக்கள் வாழ்வது ஈரமான, புளிப்பேறிய கரிச்சேற்று மண்ணில். பாசியும் கோரைப்புல்லும் மண்டிய சதுப்பில். மேற்கு ஸ்காட்லாந்தில் அதற்கு எல்லை ஏது? பாறையடிக்கு நடந்துபோகும் வழியெல்லாம் அதுதான். குளிர்காலத்தைப் புழுவாகவே மண்ணுக்குள் கழித்துவிட்டு, மே மாதக் கடைசியில் வெளியே வரத் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை உச்சம். செப்டம்பரில் தணியும். கோடையில் அந்நாட்டு வனத்துறை வேலைநாட்களில் ஐந்தில் ஒரு பங்குவரை இந்தப் பூச்சியால் வீணாகலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மரம் வெட்டுபவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் ஓடி ஒளியலாம். பாறையில் தொங்குபவருக்கு அந்த வசதி இல்லை.

கடிக்கும் முறையிலும் கொசுவுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. இளநீரில் குழல் செருகுவதுபோலக் கொசு நேராக ஒரு நுண்குழாயைத் தேடி ஊசியை இறக்குகிறது. மிட்ஜ் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டுகிறவர் மாதிரி. பற்கள் கொண்ட வாயுறுப்பால் தோலை அறுத்து, சிறு குழி உண்டாக்கி, அதில் ஊறித் தேங்கும் இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் உறையாமலும் குழாய்கள் சுருங்காமலும் இருக்க எச்சிலைக் கலக்கும். அந்த எச்சிலின் புரதங்களை நம் உடல் எதிரியாகக் கருதி ஹிஸ்டமினைச் சுரக்கிறது. அரிப்பும் தடிப்பும் அதனால் வருபவை. ஒரு கடி ஒன்றுமில்லை. ஆனால் மிட்ஜ் ஒன்றாக வருவதில்லையே. ஆறுதலான செய்தி ஒன்று: ஸ்காட்லாந்து மிட்ஜ் மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாகத் தெரியவில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு பூச்சிகள் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுபோகின்றன. அது கால்நடை வளர்ப்பவர்களின் கவலை.

இனி, அது நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். முதல் துப்பு மூச்சு. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம், நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. காற்றில் இழையும் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பெண்பூச்சி எதிர்த்திசையில் பறந்து வருகிறது. நெருங்க நெருங்க, வியர்வையின் லாக்டிக் அமிலம், மூச்சிலும் தோலிலும் கலந்திருக்கும் ஆக்டினால் போன்ற மணங்கள், உடற்சூடு, ஈரம், கருத்த உருவம் எல்லாம் சேர்ந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. மலையேறி வந்து, மூச்சிரைத்து, வியர்த்து, அடர்நிறச் சட்டையில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் மனிதரைவிட நல்ல இரையை மிட்ஜ் கேட்டு வாங்கினாலும் கிடைக்காது.

எல்லாரையும் ஒரே மாதிரி கடிப்பதில்லை என்பதும் உண்மை. லாக் நெஸ் கரையில் நடந்த ஒரு போட்டியில் கலந்துகொண்டவர்களிடம் ஆய்வாளர் ஜேம்ஸ் லோகனும் அவரது குழுவினரும் விவரம் கேட்டு ஆராய்ந்தார்கள். உயரமான ஆண்களும் உடல் பருமன் கூடிய பெண்களும் அதிகம் கடிபட்டிருந்தார்கள். பெற்றோருக்குக் கடி குறைவென்றால் பிள்ளைகளுக்கும் குறைவாக இருக்கும் போக்கு தெரிந்தது. கடிபடாதவர்களின் தோலிலிருந்து கீட்டோன் வகையைச் சேர்ந்த சில வேதிப்பொருள்கள் கூடுதலாக வெளியேறி, ஈர்க்கும் மணத்தை மறைத்துவிடுகின்றன என்பது அதே ஆய்வாளர்களின் இன்னொரு கண்டுபிடிப்பு. பூண்டு தின்றால், வைட்டமின் மாத்திரை போட்டால் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

பாறையேற்றத்தில் பூச்சிக்கடி வெறும் தொல்லையாக நின்றுவிடாமல் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுவது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இருவர் ஒரு கயிற்றில் ஏறுகிறார்கள். முன்னால் போகிறவர் வழிநெடுகக் கல்வெடிப்புகளில் உலோகக் கட்டைகளைச் செருகி அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். மற்றவர் கீழே நின்று, இடுப்பு வாரில் மாட்டிய பிலே சாதனத்தின் வழியே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அவர்தான் பிலேயர். மேலே இருப்பவர் விழுந்தால் அவரைத் தாங்குவது பிலேயரின் ஒரு கை. பிரேக் கை என்பார்கள். அந்தக் கை கயிற்றை விட்டு ஒரு நொடியும் விலகக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் பாடம். தானாக இறுக்கிப் பிடிக்கும் சாதனங்கள் இன்று வந்துவிட்டன. அவற்றைச் செய்பவர்களும் கையை எடுக்கலாம் என்று சொல்வதில்லை.

முன்னேறுபவருக்கு மிட்ஜ் தொல்லை சற்றுக் குறைவு. அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார், மேலே போகப் போகக் காற்றும் வீசுகிறது. அகப்படுபவர் பிலேயர். சதுப்பு ஓரத்தில், புதர் மறைவில், காற்றில்லாத பாறையடியில், கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தபடி நிற்கிறார். ஒரு கை கயிற்றில், மறு கை கயிறு கொடுப்பதில். காது மடலில் பத்து, மயிர் ஓரத்தில் இருபது. அந்த நேரத்தில் கை தானாக முகத்துக்குப் போவது மனித இயல்பு. அனிச்சைச் செயலை ஒழுக்கத்தால் ஒரு நிமிடம் அடக்கலாம், ஒரு மணி நேரம் அடக்க முடியாது. எனவே, பிலேயரின் பாதுகாப்பைப் பாறைக்கு வந்தபிறகு யோசிப்பது தாமதம். அவருக்கு வலை, முழுக்கை, மருந்து எல்லாம் கயிறு கையில் வருமுன்பே ஆகியிருக்க வேண்டும். அதையும் மீறித் தாங்க முடியாமல் போனால், மேலே இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லி, அவர் தன்னை ஓரிடத்தில் உறுதியாக மாட்டிக்கொண்டபின், பிரேக் பக்கக் கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கையை விடுவிக்க வேண்டும்.

இருவரில் முதலில் ஏறுவது யார் என்று தீர்மானிக்கும்போது பலரும் திறமையை மட்டும் பார்க்கிறார்கள். மிட்ஜ் பருவத்தில் யாருக்குக் கடி தாங்காதோ அவரைப் பாறையடியில் நீண்டநேரம் நிறுத்தாமல் இருப்பதும் ஒரு கணக்குத்தான்.

மருந்து, வலை என்று போவதற்கு முன், அவற்றைவிடப் பலமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காசும் இல்லை. காற்று. மிட்ஜ் அவ்வளவு நன்றாகப் பறக்காது. காற்று விநாடிக்கு சுமார் 3 மீட்டரைத் தாண்டினால், அதாவது மணிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஆனால், அதனால் பறந்து வந்து உட்கார முடியாது, புல்லுக்குள் ஒதுங்கிவிடும். முகத்தில் காற்றுப் படுவது தெரிகிறது, இலைகள் விடாமல் அசைகின்றன என்றால் ஏறத்தாழ அந்த வேகம் வந்துவிட்டது. சூறாவளி எதுவும் வேண்டியதில்லை.

தரையை ஒட்டிய காற்று, புல்லிலும் புதரிலும் கல்லிலும் உரசி வேகம் இழக்கிறது. மேலே போகப் போக அந்தத் தடை விலகுகிறது. பள்ளத்தாக்கில் இலை அசையாத நாளிலும் 50 மீட்டர் உயரத்தில் மெல்லிய காற்று வீசுவது அதனால்தான். பாறையிலும் இதே கதை. இரண்டு சுவர் சேரும் உள்மூலையிலும், உடம்பு நுழையும் இடுக்குகளிலும் காற்று தேங்கும். வெளியே துருத்தி நிற்கும் கூர்விளிம்பில் தடையின்றி ஓடும். காற்று வரும் திசையை நோக்கிய சுவரில் மிட்ஜ் நிற்காது. அதே குன்றின் மறுபக்கத்தில் மேகமாகச் சுற்றும். ஒரே குன்றில், ஒரே நாளில், நூறு மீட்டர் தள்ளிப்போனால் வேறு உலகம்.

அந்தி நேரத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். வெயில் சாய்ந்ததும் மலைச்சரிவின் காற்று குளிர்ந்து கனத்து, கீழே வழிந்து, பள்ளத்தில் அசையாமல் தேங்குகிறது. ஈரப்பதம் ஏறுகிறது. வெளிச்சம் மங்குகிறது. மூன்றும் மிட்ஜுக்குப் பிடித்தவை. நம் ஊரில் அந்தி அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் வடக்கில் ஜூன் மாத இரவு முழுதாக இருட்டுவதே இல்லை. அந்தி நீண்டு விடியலோடு கலந்துவிடுகிறது. கடிக்கும் நேரமும் கூடவே நீள்கிறது. மேகமூட்டமான நாளென்றால் பகலுக்கும் விதிவிலக்கு இல்லை.

பாறையேறிக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கோடையில் அவர் தேடுவது நிழலை. குளிர்ந்த கல்லில் விரல் வியர்க்காது, ரப்பர் நன்றாகப் பற்றும். மிட்ஜும் அதே நிழலைத் தேடுகிறது. சுள்ளென்ற வெயிலும் வறண்ட காற்றும் அதற்கு ஆகாது. இந்த இழுபறியில் நான் வெயிலின் பக்கம்தான் பேசுவேன். மாலைக்குள் இறங்கிவிடும்படி, காலையில் சீக்கிரமே காற்று வரும் பக்கத்துச் சுவரில் தொடங்கிவிடுவது நல்லது. உராய்வில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆனால் வறண்ட காற்று வியர்வையையும் உலர்த்துகிறது, பூச்சியையும் துரத்துகிறது. அந்த ஒரு விஷயத்தில் ஏறுபவர் நலனும் மிட்ஜின் நலனும் எதிரெதிர்.

பழகிய ஸ்காட்லாந்து ஏறிகளின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இது புரியும். மேற்கு மலைநாட்டில் ஏப்ரலும் மே மாதமும் ஒப்பீட்டளவில் மழை குறைந்த மாதங்கள். மிட்ஜும் இன்னும் பறக்கத் தொடங்கியிருக்காது. பள்ளத்தாக்கின் தாழ்ந்த பாறைகளை அப்போதே முடித்துக்கொள்வார்கள். கோடை உச்சத்தில் உயரமான முகடுகளுக்கோ, ஸ்கை தீவின் கூலின் மலைத்தொடருக்கோ, கடற்கரைப் பாறைகளுக்கோ போய்விடுவார்கள். லூயிஸ், பாபே, மிங்குலே போன்ற மேற்குத் தீவுகளின் கடற்பாறைகளில் காற்று ஓய்வது அரிது. கிறிஸ் போனிங்டன், ரஸ்டி பெய்லி, டாம் பேட்டி ஆகிய மூவரும் 1966இல் முதன்முதலாக ஏறிய ‘ஓல்ட் மேன் ஆஃப் ஹாய்’ என்ற 137 மீட்டர் கடல்தூண் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏறுபவர் அஞ்சுவது மிட்ஜை அல்ல, கூட்டிலிருந்து எண்ணெய் நாற்றமுள்ள திரவத்தை முகத்தில் உமிழும் ஃபல்மார் பறவையை. அதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

கோடையில் ஸ்காட்லாந்தில் மழை முன்னறிவிப்பைப் போலவே மிட்ஜ் முன்னறிவிப்பும் வருகிறது. பொறிகளில் சிக்கும் பூச்சிகளின் எண்ணிக்கையையும் வானிலையையும் சேர்த்துக் கணித்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை நிலை குறிப்பார்கள். பள்ளத்தாக்குக்கான அந்த எண்ணை முகட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். பூச்சிவிரட்டிகளில் மூத்தது டீட். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவில் உருவானது. 1946இல் ராணுவத்துக்கும் 1957இல் பொதுமக்களுக்கும் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது எப்படி வேலை செய்கிறது என்பதில் அறிவியலாளர்கள் முழுதாக ஒத்துப்போகவில்லை. பூச்சியின் மணவுணர்வைக் குழப்புகிறது என்பது ஒரு கட்சி. அந்த நெடியே பூச்சிக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். நம் வீடுகளில் தடவும் ஓடோமாஸில் இருக்கும் டைஎத்தில் பென்சமைடு இதன் நெருங்கிய உறவு. டீட் மூலக்கூறிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியை நீக்கினால் அதுதான்.

டீட்டின் செறிவு கூடினால் பாதுகாப்பின் வலிமை கூடாது, நேரம்தான் நீளும். அதுவும் 50 சதவீதத்துக்கு மேல் போனால் பெரிய ஆதாயம் இல்லை. ஏறுபவருக்கு 20 முதல் 30 சதவீதம் போதும்; வியர்வையில் கரைந்துபோவதால் மறுபடி தடவ வேண்டியிருக்கும். ஆனால் டீட் ஒரு கரைப்பானும்கூட. பல வகைப் பிளாஸ்டிக்குகளையும், ஸ்பாண்டெக்ஸ், ரேயான், அசிடேட் துணிகளையும் அது அரிக்கும். ஏறுபவரின் உடம்பில் இருப்பதில் பாதி இந்தப் பட்டியலில் வருகிறது: ஹெல்மெட்டின் ஓடு, கறுப்புக்கண்ணாடி, கைக்கடிகாரம், இழுபடும் காற்சட்டை. ஏறுகயிறு நைலான், நைலானை டீட் குறிப்பிடும்படி பாதிப்பதில்லை. (கயிற்றின் உண்மையான எதிரி அமிலம். வண்டியின் பின்பெட்டியில் பேட்டரி அமிலம் பட்ட கயிறு வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே செத்துப்போயிருக்கும்.) என்றாலும் கயிற்றுக்கும் இடுப்பு வாருக்கும் பக்கத்தில் எந்த ரசாயனத்தையும் கொண்டுபோகாதே என்ற பழைய விதியை மீற எந்தக் காரணமும் இல்லை. கயிற்றுக் குவியலுக்கு அருகில் நின்று தெளிப்பானை அழுத்துபவரைக் கண்டால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

இந்தக் காரணத்தாலேயே ஏறுபவர்களுக்கு இக்காரிடின் பொருத்தம். பிக்காரிடின் என்றும் சொல்வார்கள். பேயர் நிறுவனம் 1980களில் உருவாக்கியது. 20 சதவீதச் செறிவில் டீட்டுக்கு ஈடாக வேலை செய்யும், நெடி குறைவு, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்வதில்லை. ஸ்காட்லாந்தில் மிட்ஜுக்கென்றே விற்கும் ‘ஸ்மிட்ஜ்’ இதைக் கொண்டதுதான். செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்பவர்களுக்கு எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் எண்ணெயைப் பதப்படுத்திப் பெறும் பி.எம்.டி. இருக்கிறது; அதுவும் சோதனைகளில் தேறிய மருந்து. இதை ஊட்டியில் புட்டியில் வாங்கும் நீலகிரித் தைலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மரமும் வேறு, எண்ணெயின் உட்பொருளும் வேறு. தைலம் சளிக்கு ஆகும். மிட்ஜ் அதற்கு மசியாது.

எந்த மருந்தானாலும் உள்ளங்கையிலும் விரலிலும் படக்கூடாது. ஏறுபவர் இடுப்பில் தொங்கும் பையில் இருக்கும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். விரலின் ஈரத்தை உறிஞ்சி உராய்வைக் காப்பது அதன் வேலை. எண்ணெய்ப்பசை ஏறிய விரலில் அது சேறாகிவிடும். அந்தப் பசை கல்லிலும் ஒட்டும், பின்னால் வருபவரின் பிடியும் வழுக்கும். ஆகவே குச்சி வடிவில், அல்லது உருளைமுனைப் புட்டியில் வரும் மருந்து நல்லது. தெளிப்பான்தான் கையில் இருக்கிறதென்றால் புறங்கையில் தெளித்து, அந்தப் புறங்கையாலேயே முகத்திலும் கழுத்திலும் தேய்க்கலாம். நெற்றியில் வேண்டாம், வியர்வையோடு கண்ணில் இறங்கும். பாறை நடுவில் கண் எரிந்தால் கழுவத் தண்ணீர் எங்கே? வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவதானால் முதலில் அது, காய்ந்தபின் விரட்டி. எல்லாம் முடிந்து, கையைச் சோப்புத் துணியால் துடைத்து உலர்த்தியபிறகே காலணியையும் கயிற்றையும் தொட வேண்டும்.

துணி மருந்தைவிட நம்பகமானது. வெளிர்நிற முழுக்கைச் சட்டை, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுக்கம், மற்ற இடத்தில் தளர்வு. தலைவலை வாங்கும்போது அதன் கண்ணைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் மிட்ஜ் எளிதாக நுழைந்துவிடும், பிறகு வலைக்குள் அதுவும் நாமும்தான். ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டினால் அதன் விளிம்பு வலையை முகத்திலிருந்து தள்ளிப்பிடிக்கும். முகத்தில் ஒட்டிய வலை பயனற்றது, அதன் வழியாகவே கடிக்கும். முன்னேறுபவருக்கு வலை உதவாது. கால் வைக்கும் நுண்விளிம்புகளைக் கறுப்புத் திரைக்குள்ளிருந்து கண்டுபிடிப்பது ஆபத்து. அது பிலேயரின் உடைமை. வலை நுனியும் தளர்ந்த நூலும் பிலே சாதனத்தில் சிக்காதபடி சட்டைக்குள் செருகியிருக்க வேண்டும், அவ்வளவே.

பெர்மெத்ரின் ஏற்றிய உடைகளும் கிடைக்கின்றன. மலேரியா தடுப்பு வலைகளில் பயன்படும் நச்சுக்களின் குடும்பம் அது. உட்காரும் பூச்சியைக் கொல்லும். துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல. மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்பதால் அந்தச் சட்டையை மலையோடையில் அலசக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது அதன் பக்கம் வைக்கவும் கூடாது. ஒலி எழுப்பி விரட்டும் கருவிகள், மணக்கும் கைப்பட்டைகள் இவற்றுக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்துக்கு நல்ல காலுறை வாங்கலாம்.

ஸ்காட்லாந்துக் கணக்கை எல்லா மலைக்கும் அப்படியே கொண்டுபோக முடியாது. அமெரிக்காவின் வடகிழக்கில், அடிராண்டாக் மலைகளிலும் நியூ ஹாம்ஷயரிலும், மே, ஜூன் மாதங்களில் கருப்பு ஈக்கள். அவை சதுப்பில் அல்ல, ஓடும் நீரில் பெருகுபவை. அந்திக்குக் காத்திருக்காமல் பட்டப்பகலில் கடிக்கும். மயிரோரத்திலும் சட்டை விளிம்புக்குள்ளும் ஊர்ந்து நுழையும். நம் தென்னிந்தியப் பாறைகளிலோ கணக்கே தலைகீழ். பாதாமி, ராமநகரா போன்ற கர்நாடகப் பாறைகளிலும் நீலகிரியின் செங்குத்துச் சுவர்களிலும் உள்ள ஆபத்து கடிப்பதில்லை, கொட்டுகிறது. மலைத்தேனீ, பாறை நிழலில் திறந்தவெளியில் ஒரே பெரிய அடை கட்டும். விரட்டி மருந்து அதனிடம் செல்லாது. ஒன்று கொட்டியதும் வெளிப்படும் எச்சரிக்கை மணம் மற்றவற்றை அதே இடத்துக்கு அழைக்கும். தேனெடுக்கும் குறும்பர் பழங்குடியினர் புகையோடும் தலைமுறை அனுபவத்தோடும் அதை அணுகுகிறார்கள். கயிற்றில் தொங்கும் ஏறிக்கு ஓட இடம் இல்லை. ஆகவே ஏறுமுன் சுவர் முழுவதையும் தொலைநோக்கியால் பார்த்து, அடை தெரிந்தால் அந்த வழியை விட்டுவிடுவது ஒன்றே தற்காப்பு. கீழே மரநிழலில் சமையலுக்கு நெருப்பு மூட்டும் வழக்கமும் வேண்டாம்; புகை மேலே போய் அடையைக் கலைக்கும்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது பூச்சி அல்ல, எட்டுக்கால் இனம். அது கடிப்பது பாறையில் அல்ல, பாறைக்குப் போகும் வழியில். ஸ்காட்லாந்தில் பெரணியும் ஹெதர் புதரும் இடுப்பளவு வளர்ந்த பாதைகளில் புல்நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப்போகும் காலில் தொற்றிக்கொள்ளும். மிட்ஜைப் போல அரிப்பை உண்டாக்கி அறிவிக்காது. இடுப்பு வார் அழுத்தும் இடம், முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு என்று வெதுவெதுப்பான இடம் தேடிப் போய் நாள்கணக்கில் ஒட்டியிருக்கும். லைம் நோயைப் பரப்புவது இதுதான். ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடுவதால், அன்று மாலையே உடம்பைச் சோதித்து எடுத்துவிடுவது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் அதை வாந்தியெடுக்க வைத்து, கிருமியை உள்ளே தள்ளும் வேலை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணிக்கு வேறு நோய். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அது. புதர்ச்சிலந்திப்பேன் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமானது. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு தெரியும். லைம் நோய் அப்படி அல்ல. கடித்து மூன்று நாள் முதல் முப்பது நாளுக்குள், அரிப்பில்லாமல் மெல்ல விரிந்துகொண்டே போகும் சிவந்த வட்டம் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். அதற்குள் பயணி ஊர் திரும்பியிருப்பார். மதுரையிலோ சென்னையிலோ காய்ச்சலோடு வருபவரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஸ்காட்லாந்து உண்ணி முதலில் நினைவுக்கு வர வாய்ப்பில்லை. எந்த மலைக்கு, எந்தத் தேதியில் போனோம் என்பதைக் கேட்காமலே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.